நாற்பத்தொரு பொருள்களுக்கு விடைகொடுத்த பெண்மணி

மனிதகுலம் மனநிறைவைத் தேடி இதுவரை போன இடங்கள் அத்தனையும் தவறான இடங்கள். மலை ஏறிப் பார்த்தார்கள், கடல் தாண்டிப் பார்த்தார்கள், கண்ணை மூடித் தமக்குள்ளேயே துழாவியும் பார்த்தார்கள். அங்கெல்லாம் அது இல்லை. அது அலமாரியின் இரண்டாம் தட்டில், இடதுபுறம், மூடி போட்ட வெள்ளைப் பெட்டிக்குள் இருக்கிறது. பெட்டியின் மேல் பெயர்ச்சீட்டு கோணாமல் ஒட்டியிருக்க வேண்டும் என்பது மட்டும்தான் நிபந்தனை.

இந்த மாபெரும் உண்மையைக் கண்டுபிடித்து உலகுக்கு வழங்கிய பெருமை 'இல்லவொழுங்கு மற்றும் மனநிறைவு மேம்பாட்டுக் கழக'த்தைச் சாரும். ஒரு பழைய வங்கிக் கட்டடத்தின் முதல் மாடியில், வாரம் ஐந்து நாள், மாலை ஆறிலிருந்து எட்டுவரை அது வகுப்பு நடத்தியது. பன்னிரண்டு வாரப் படிப்பு. கடைசியில் பயிற்றுநர் வீட்டுக்கே வந்து பரிசோதிப்பார். தேறினால் சான்றிதழ்.

அந்த ஆண்டு சேர்ந்த இருபத்திரண்டு பேரில் தலைசிறந்த மாணவி, நூலகத்தில் அட்டவணை போடும் வேலையில் இருந்த ஒரு பெண். வயது இருபத்தொன்பது. வயது வந்தவர்களுக்கு என்னென்ன இருக்க வேண்டும் என்று அவள் ஒருமுறை பட்டியல் எழுதிப் பார்த்தாள். வேலை இருந்தது. கல்யாணம் ஆகியிருந்தது. வாடகைக்கு இரண்டு அறை வீடு, அதற்கு இரண்டு சாவி, இரண்டும் தொலையாமல் இருந்தன. எல்லாவற்றுக்கும் நேராக ஒரு சரிக்குறி போட்டுக்கொண்டே வந்தவள், கடைசி வரியில் 'மனநிறைவு' என்று எழுதிவிட்டுப் பேனாவை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். இருக்கிற மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. அப்படிப்பட்ட பொருளை எந்தத் தலைப்பின் கீழ் சேர்ப்பது என்று நூலகத்திலும் யாருக்கும் தெரியவில்லை. மறுநாள் நூலகத்து அறிவிப்புப் பலகையில் கழகத்தின் துண்டறிக்கையைப் பார்த்தாள். அதை ஒரு வாரம் முன்னால் அங்கே குத்தி வைத்தவளே அவள்தான்.

அவளுடைய கணவன் முடிதிருத்துபவன். இரண்டு நாற்காலி போட்ட சிறிய கடை. வாய் ஓயாமல் பேசுவான், சிரிப்பான், தான் சொன்ன வேடிக்கைக்குத் தானே முதலில் சிரித்துவிடுவான். கல்யாணமான மறுவாரமே மனைவிக்கு 'லிஸ்ட்டு' என்று பெயர் வைத்துவிட்டான். அவள் அதற்குக் கோபிக்கவில்லை. ஒரு மனிதனுக்குள்ள குறைகள் என்று ஒரு தாளில் எழுதி, அதில் நான்காவதாகச் சேர்த்துக்கொண்டதோடு சரி.

கழகத்தின் முறை எளிமையானது, ஆகவே மேதைமை வாய்ந்தது. வீட்டிலுள்ள ஒவ்வொரு பொருளையும் கையில் எடுத்து மூன்று கேள்வி கேட்க வேண்டும். நீ யார்? இங்கே எதற்கு வந்தாய்? எப்போது கிளம்புகிறாய்? வீட்டுக்கு வரும் விருந்தாளிகளிடம் பலரும் மனத்துக்குள் கேட்டுக்கொள்ளும் கேள்விகள்தான் இவை என்றாலும், அச்சடித்த படிவத்தில் கொண்டுவந்தது கழகம்தான். பொருள் பதில் சொல்லாவிட்டால் 'ஆட்சேபணை இல்லை' என்று கொள்ள வேண்டும். பிறகு ஏழாம் படிவத்தை நிரப்பி, பொருளைக் கழகத்துக் கீழ்த்தளத்தில் இருக்கும் 'விடையளிப்பு அறை'யில் ஒப்படைத்துவிட வேண்டும்.

அன்றாடம் இரவுச் சாப்பாடு முடிந்ததும், ஒன்பது மணிக்கு, அன்றைய மனநிறைவுக்குப் பத்துக்கு எவ்வளவு என்று ஒரு குறிப்பேட்டில் மதிப்பெண் போட வேண்டும். பக்கத்தில் காரணமும் எழுத வேண்டும். மற்றவர்கள் ஆறு, ஏழு என்று தோராயமாகப் போட்டார்கள். அவள் 6.5 என்று எழுதுவாள். பிறகு, தன்னைத் தானே ஏமாற்றிக்கொள்கிறோமோ என்று பயந்து, அழித்துவிட்டு 6.4 என்று எழுதுவாள்.

முதல் மாதத்தில் வகுப்பின் சராசரி விடையளிப்பு நான்கு பொருள். அவள் பதினெட்டு கொடுத்திருந்தாள். ரேடியோ, கம்பி ஒடிந்த குடை, ஜோடி இல்லாத செருப்பு, ஒரு பெட்டி நிறையச் சீப்பு, பள்ளிக்கூட ஓட்டப்பந்தயத்தில் மூன்றாம் பரிசாக வந்த, காது உடைந்த கோப்பை. "மூணாவது பரிசுக்கு ஏன் இவ்வளவு பெரிய கோப்பை?" என்று அவள் படிவத்தில் எழுதியிருந்ததைப் பயிற்றுநர் வகுப்பில் உரக்க வாசித்துப் பாராட்டினார்.

எட்டாவது வாரம் அவள் நாற்காலிக்கு வந்தாள்.

அது சாதாரண நாற்காலி அல்ல. அவன் கடை திறந்தபோது வாங்கிய முதல் சலூன் நாற்காலி. இரும்புக் கால், சுழலும் அடிப்பாகம், உயர்த்தவும் தாழ்த்தவும் ஒரு கைப்பிடி, இரண்டு இடத்தில் கிழிந்த சிவப்பு ரெக்ஸின். புது நாற்காலிகள் வாங்கியபோது பழையதை விற்காமல் நாலு பேர் தூக்கி வீட்டுக் கூடத்தில் கொண்டுவந்து போட்டான். "இத்தனை வருஷம் இதுக்குப் பின்னாடியே நின்னாச்சு. இனிமே முன்பக்கம்" என்றான். கடையிலிருந்து வந்ததும் அதில் சாய்ந்து, கைப்பிடியை இழுத்துக் கால் மணி நேரம் கண்ணை மூடிக்கொள்வான். பிறகு மெல்ல அரைச்சுற்று சுழன்று சமையலறைப் பக்கம் முகத்தைத் திருப்பி, அன்றைக்குக் கடைக்கு வந்த தலைகளைப் பற்றிச் சொல்ல ஆரம்பிப்பான்.

அவள் படிவத்தோடு அதன் எதிரே நின்றாள். அவன் அதில் உட்கார்ந்திருந்தான்.

"கொஞ்சம் எந்திரிங்க. கேள்வி கேக்கணும்."

"என்னையா?"

"நாற்காலியை."

"நான் உக்காந்திருக்கறப்பவே கேளு. தைரியமா பதில் சொல்லும்."

அவள் படிவத்தைப் பார்த்து வாசித்தாள். "நீ யார்?"

"நான் நாற்காலி" என்றான் அவன், குரலைத் தடிப்பாக்கி.

"இங்கே எதற்கு வந்தாய்?"

"ஒரு மனுஷன் காலைலேர்ந்து நின்னுக்கிட்டே இருக்கான். அவனைக் கொஞ்சம் உக்கார வைக்க வந்தேன்."

"பொருளுக்காக மத்தவங்க பதில் சொல்லக் கூடாதுங்க. அதுக்கு மார்க் குறைப்பாங்க."

"சரி, தினமும் உபயோகப்படுற பொருள்தானே இது? அதை எப்படிக் கொடுக்க முடியும்?"

அவளுக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. எந்த விஷயத்திலும் சந்தேகம் இல்லாமல் இருந்தால் அவளுக்குச் சந்தேகமாகிவிடும். ஆகவே ஏற்கெனவே வகுப்பில் எழுந்து நின்று கேட்டிருந்தாள். பயிற்றுநர் விதி பதினொன்றைச் சுட்டிக்காட்டினார்: 'இல்லத்தில் ஒருவர் மட்டுமே பயன்படுத்தும் பொருள், இல்லத்தின் பொருளன்று.' உடனே அவளுக்கு அடுத்த சந்தேகம் வந்தது. அவள் மட்டுமே பயன்படுத்தும் பெயர்ச்சீட்டு இயந்திரம், இருபத்தாறு வெள்ளைப் பெட்டிகள், நிறவாரியான பேனாக்கள், அவையெல்லாம்? பயிற்றுநர் கனிவோடு புன்னகைத்தார். "அவை கருவிகள். கருவிகள் பொருள்களல்ல" என்றார். வகுப்பே அதைக் குறித்துக்கொண்டது.

அவன் விதியைக் கேட்டான். அவள் முகத்தைப் பார்த்தான். பரீட்சைக்குக் கிளம்பும் பிள்ளையின் முகம் போல இருந்தது அது. எழுந்துவிட்டான்.

"சரி, போகட்டும். நீ பாஸானா போதும் லிஸ்ட்டு."

கழகத்திலிருந்து இரண்டு பேர் தள்ளுவண்டியோடு வந்தார்கள். நாற்காலி போன இடத்தில் தரை வேறு நிறமாக வட்டமாக இருந்தது. அவன் அந்த வட்டத்தின் மேல் போய் நின்று பார்த்தான். அன்றைக்குச் சாப்பாட்டை நின்றுகொண்டே சாப்பிட்டான். கூடத்தில் மீதியிருந்தவை இரண்டு முக்காலி; இரண்டும் 'கண்ணுக்கு அமைதி தரும் இடைவெளி'யில் வைக்கப்பட்டிருந்ததால் அவற்றை நகர்த்தக் கூடாது. மூன்றாம் நாள், "கடையில கொஞ்சம் வேலை இருக்கு, வர லேட்டாகும்" என்றான். மறுநாளும் வேலை இருந்தது. அதற்கப்புறம் தினமும் இருந்தது. அவள் மதிப்பெண் போட்டுவிட்டுப் படுத்த பிறகு வருவான், விடிந்ததும் கடைக்குப் போய்விடுவான். ஞாயிற்றுக்கிழமை கடையில் கூட்டம், கேட்கவே வேண்டாம்.

வீடு பளபளத்தது. அவளுடைய மனநிறைவு ஏழைத் தாண்டியது, எட்டைத் தாண்டியது. விடையளிப்பு நாற்பத்தொன்றைத் தொட்டது. கழக வரலாற்றிலேயே அப்படி ஒரு துறவு நடந்ததில்லை என்று சுற்றறிக்கை வந்தது.

பன்னிரண்டாவது வாரம், புதன்கிழமை. சனிக்கிழமை பரிசோதனை. பயிற்றுநர் அவளுடைய மதிப்பெண்களை ஒரு பெரிய வரைபடமாக வரைந்து சுவரில் மாட்டியிருந்தார். கீழ்த்தளத்திலிருந்து வழக்கம் போலச் சிரிப்புச் சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தைப் பற்றி வகுப்பு ஏற்கெனவே மூன்று தீர்மானங்கள் நிறைவேற்றியிருந்தது. "பொருள்கள் நகர்த்தப்படும் ஓசை" என்று பயிற்றுநர் மூன்று முறையும் விளக்கம் அளித்து ஜன்னலைச் சாத்தினார். இப்போதும் சாத்தினார்.

"பாருங்க" என்று கோலால் காட்டினார். "எட்டாவது வாரம்வரைக்கும் ஆறு, ஆறரை, ஆறு. இந்தத் தேதியிலிருந்து பாருங்க, ராக்கெட் மாதிரி! அன்னிக்கு என்ன நடந்துச்சு? வகுப்புக்குச் சொல்லுங்க."

"நாற்காலி போச்சு மேடம்."

முன்வரிசையில் இருந்த ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர் மூக்குக் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார். "வண்டி கிளம்பின நேரம் சரிம்மா. அதுல ஏறிப் போனது நாற்காலி மட்டும்தானா?"

சிலர் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. அவளுக்கு அந்தக் கேள்வி ஒரு படிவத்தின் காலியிடம் மாதிரித் தெரிந்தது.

"காரணங்களையும் வாசிங்க" என்றார் பயிற்றுநர். "எல்லாரும் கத்துக்கட்டும்."

அவள் எழுந்து குறிப்பேட்டைப் பிரித்து வாசித்தாள். "8.1. வாசலில் செருப்பு குறுக்கே கிடக்கவில்லை. 8.4. குளியலறைத் தரை காய்ந்திருந்தது. 8.9. ஒரு தட்டுதான் கழுவ வேண்டியிருந்தது. 9.2. சாப்பிடும்போது யாரும் பேசவில்லை." அடுத்த வரிக்கு வந்ததும் குரல் இறங்கிவிட்டது. "9.6. ஒரே ஒரு டம்ளர்."

வகுப்பு கை தட்டியது. பல் டாக்டரம்மா ஒருவர் 'ஒரே ஒரு டம்ளர்' என்று பக்திப் பரவசத்தோடு தன் நோட்டில் எழுதிக்கொண்டார்.

அவள் முறையானவள். எண்கள் ஒரு பக்கம், காரணங்கள் ஒரு பக்கம் என்று இருந்தால் இரண்டையும் கூட்டிப் பார்க்காமல் அவளால் இருக்க முடியாது. நின்றபடியே கூட்டிப் பார்த்தாள். திரும்பவும் கூட்டினாள். தப்பாகக் கூட்டிவிட்டோமோ என்று மூன்றாவது முறையும் கூட்டினாள். விடை மாறவில்லை. அவள் மனநிறைவின் பெயர், புருஷன் வீட்டில் இல்லை என்பது.

"மேடம், நான் கொஞ்சம் சீக்கிரம் போகணும்."

"படிவம் மூணை நிரப்பிட்டுப் போங்க."

வாழ்க்கையில் முதல்முறையாக அவள் ஒரு படிவத்தை நிரப்பாமல் படியிறங்கினாள்.

கடை மூன்று தெரு தள்ளி. மணி ஏழுகூட ஆகவில்லை. ஆனால் ஷட்டர் இறங்கிப் பூட்டியிருந்தது. பக்கத்துக் கடையில் சாவி செய்பவர் அரத்தால் எதையோ தேய்த்துக்கொண்டிருந்தார். வாசலில் நின்றவளை நிமிர்ந்து பார்த்தார்.

"என்னம்மா, இந்தப் பக்கம்?"

"அவர் எங்கண்ணே? கடையில வேலை இருக்குன்னு சொன்னாரே."

"வேலையா? ஆறு மணிக்கே பூட்டிட்டாரே. ஒரு மாசமா அப்படித்தான்."

 அவளுடைய பட்டியல் போடும் மனம் அந்த நேரத்திலும் சும்மா இருக்கவில்லை. ஒன்று, வேறு ஒரு பெண். இரண்டு, வேறு ஒரு வீடு. மூன்று, இரண்டும்.

"எங்க போறார்னு தெரியுமாண்ணே?"

"இது என்ன கூத்து! உன் கிளாஸுக்குத்தானேம்மா போறாரு?"

"என் கிளாஸுக்கா?"

"நீ மேல் கிளாஸாம், அவர் கீழ் கிளாஸாம். நல்லாச் சொல்லித் தர்றாங்கன்னு என்னையும் வரச் சொன்னாரு. நமக்கு எங்க நேரம்?"

அவள் வந்த வேகத்தைவிட அதிக வேகமாகத் திரும்பினாள்.

விடையளிப்பு அறையின் கதவில் 'பொருள்களுக்கு மட்டுமே அனுமதி' என்று எழுதியிருந்தது. பொருள்களை இதுவரை அந்தக் கதவுக்கு வெளியே உள்ள ஜன்னலில் கொடுத்துவிட்டு ரசீது வாங்கிக்கொண்டு போயிருக்கிறாளே தவிர, உள்ளே பார்த்ததில்லை. தட்டினாள். ரசீது தரும் பதிவேட்டுக்காரர் திறந்தார். நரைத்த மீசை, அகலமான முகம்.

உள்ளே கலவரம் மாதிரி இருந்தது. எங்கு பார்த்தாலும் சாமான். சாய்வு நாற்காலி, மெத்தை, ஊஞ்சல் பலகை, காது உடைந்த கோப்பைகள், எதன் மேலும் ஒரு பெயர்ச்சீட்டு இல்லை. அத்தனைக்கும் நடுவே ஆட்கள். ஸ்டேஷன் மாஸ்டரின் மனைவி ஒரு பெரிய சுவர்க் கடிகாரத்தை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்து, பக்கத்திலிருந்தவளிடம் மருமகளைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். பல் டாக்டரம்மாவின் மாமனார் கேரம் பலகையில் பொடி தூவினார். இரண்டு சின்னப் பெண்கள் ஒரு மெத்தையில் குதித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களை யாரும் அதட்டவில்லை. மூலையில் ரேடியோ பாடியது. அது தன் வீட்டு ரேடியோ என்று குரலை வைத்தே அவளுக்குத் தெரிந்தது.

நடு அறையில் சிவப்பு நாற்காலி. அதில் பல் டாக்டரம்மாவின் கணவர், கழுத்தைச் சுற்றித் துண்டோடு. பின்னால் அவள் கணவன் கத்திரியும் சீப்புமாக நின்று, கதை சொல்லிக்கொண்டிருந்தான்.

"...நான் சொன்னேன், சார், மூக்குல இருக்கற முடியைத் தலையில நட முடியாது, அதுக்கு வேற டாக்டர் இருக்காங்கன்னேன்!" சொல்லிவிட்டு முதல் ஆளாக அவனே சிரித்தான். நிமிர்ந்தவன் அவளைப் பார்த்தான். கத்திரி அந்தரத்தில் நின்றது.

"அட, லிஸ்ட்டு."

"கடையில வேலைன்னீங்க."

"வேலைதானே பாக்கறேன்?" என்று கத்திரியைக் காட்டினான். சிரிக்க முயன்றான், வரவில்லை. "வீட்டுல உக்கார இடம் இல்ல. இங்க வந்து பாத்தேன், நாற்காலி இருந்துச்சு. அப்புறம் ஒவ்வொருத்தரா வந்து சேந்தாங்க. எல்லாரும் மேல் கிளாஸ்காரங்க வீட்டு ஆளுங்கதான்."

"உக்காருங்கம்மா" என்றார் பதிவேட்டுக்காரர். "ஆனா இங்க ஒரே ஒரு விதி உண்டு. முடி வெட்டிக்கறவங்க தவிர, மத்தவங்க அவங்கவங்களுக்குச் சொந்தமான சாமான்லதான் உக்காரணும். இல்லேன்னா அடிதடி. உங்க சாமான் எது?"

"நிறைய கொடுத்திருக்கேன்" என்றாள் அவள், கொஞ்சம் பெருமையோடுகூட. "நாற்பத்தொண்ணு."

அவர் பதிவேட்டைப் பிரித்துக் கொடுத்தார். அட்டவணை வாசிப்பது அவளுக்குத் தொழில். விரலை வைத்து மேலிருந்து கீழே வந்தாள். ரேடியோ, அவனுடையது. குடை, அவனுடையது. சீப்பு, கோப்பை, போர்வை, மவுத் ஆர்கன், நடுவில் தேய்ந்த தலையணை, அவனுடையது, அவனுடையது, அவனுடையது. இருபதைத் தாண்டியதும் வேகம் குறைந்தது. முப்பதைத் தாண்டியதும் விரல் ஒவ்வொரு வரியிலும் நின்று நின்று இறங்கியது. நாற்பத்தொன்றில் வந்து நின்றது. அது ஒரு பழைய பித்தளைப் பொத்தான்.

"ஒரு பச்சைப் பை இருந்துச்சே? அது என்னோடதுதானே?"

"கடைக்கு எண்ணெய் வாங்கப் போறப்ப நான் எடுத்துட்டுப் போவேனே, அதுவா?" என்று அவன் மெதுவாகக் கேட்டான்.

 ரேடியோவை யாரோ குறைத்தார்கள். ஸ்டேஷன் மாஸ்டரின் மனைவி மட்டும் கடிகாரத்தைத் தடவிக்கொண்டே, "எங்க வீட்டுக்காரர் தேவலை போலிருக்கே. அவரோட சொந்த மப்ளர் ஒண்ணாவது கொடுத்திருக்காரு" என்று பக்கத்திலிருப்பவளிடம் சொன்னாள்.

அந்த நேரத்தில் கதவு திறந்தது. சத்தத்தைக் குறித்து நான்காவது தீர்மானத்தைக் கையில் ஏந்தியபடி பயிற்றுநர் நின்றார். பதிவேட்டுக்காரர் அவரைப் பார்த்து எழுந்து, துண்டால் பெஞ்சைத் துடைத்தார்.

"வா. ஒரு நிமிஷமாவது உக்காரேன்."

"எனக்கு மேல வகுப்பு இருக்கு" என்றார் பயிற்றுநர், வேறு பக்கம் பார்த்துக்கொண்டு. "சத்தத்தைக் குறைங்க." தீர்மானத்தைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

அவள் புரியாமல் பதிவேட்டுக்காரரைப் பார்த்தாள். அவர் பதிவேட்டின் முதல் பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். ஆறு வருடத்துக்கு முந்தைய தேதி. எண் ஒன்று: சாய்வு நாற்காலி, பழையது. கொடுத்தவர்: பயிற்றுநர்.

"கூடவே நானும் வந்துட்டேன்" என்றார். "அதுக்குத் தனி எண் போடல."

அவள் கணவன் பக்கம் திரும்பினாள். "வீட்டுக்கு வாங்க."

"வந்து எங்க உக்காரட்டும்?"

"நாற்காலியை எடுத்துட்டே போகலாம்."

"விதி பதினாறு" என்று பதிவேட்டுக்காரர் வருத்தத்தோடு குறுக்கிட்டார். "விடைபெற்ற பொருள் அதே வீட்டுக்குத் திரும்பினா சான்றிதழ் ரத்து."

பொறுப்பற்ற எந்தப் பெண்ணும் அந்த இடத்தில் சான்றிதழைத் தூக்கி எறிந்துவிட்டு நாற்காலியைத் தூக்கியிருப்பாள். நம்முடைய மாணவி அப்படி அவசரப்படுகிறவள் அல்ல. "சனிக்கிழமைவரைக்கும் யோசிக்க டைம் கொடுங்க" என்றாள்.  அவன் டாக்டரம்மா கணவரின் தலையைக் குனியவைத்து, பிடரியைத் திருத்த ஆரம்பித்தான். தான் சொன்ன அடுத்த வேடிக்கைக்கு மற்றவர்கள் எல்லோரும் சிரிக்க, அவன் மட்டும் சிரிக்கவில்லை.

வியாழனும் வெள்ளியும் அவள் மதிப்பெண் போடவில்லை. போட உட்கார்ந்தாள், காரணம் வரவில்லை. வெறும் கூடத்தில் முக்காலியில் உட்கார்ந்தாள், முதுகு வலித்தது. தரையில் உட்கார்ந்தாள், குளிர்ந்தது. நாற்காலி போன அன்று அவன் நின்றுகொண்டு சாப்பிட்டது நினைவுக்கு வந்து, வெள்ளிக்கிழமை சாப்பாட்டை நின்றுகொண்டு சாப்பிட்டுப் பார்த்தாள். பாதித் தட்டுக்குமேல் முடியவில்லை.

சனிக்கிழமை காலை பயிற்றுநர் வந்தார். வெள்ளைக் கையுறை போட்ட விரலை அலமாரியின் மேல் தடவினார். பெட்டிகளைத் திறந்தார், பெட்டிக்குள் பெட்டி, அதற்குள் பெயர்ச்சீட்டுகள். செருப்பு ஒரு ஜோடி. டம்ளர் ஒன்று. அவர் கண்ணில் நீர் தளும்பியது.

"நான் என் வாழ்க்கையில இப்படி ஒரு வீடு பாத்ததில்ல" என்றார். "ஒரே ஒரு கட்டம்தான் பாக்கி. வசிப்போர் எண்ணிக்கை?"

"ரெண்டு."

"ரெண்டாவது ஆள் எங்க?"

"கீழ... விடையளிப்பு அறையில."

பயிற்றுநர் குரலைத் தாழ்த்தினார். "அப்ப ஒண்ணுன்னு போட்டுக்கறேன். ஒரு ஆள் குறைஞ்சா அரை மார்க் கூடும். இதுவரைக்கும் யாரும் ஒன்பதரைக்கு மேல வாங்கினதில்ல. நானே ஒன்பதரைதான்."

அவள் கணக்குப் பார்த்தாள். ஒரே ஒரு முறைதான் பார்த்தாள்.

"பூஜ்யம்னு போடுங்க மேடம்."

"என்னது?"

"வசிப்போர் பூஜ்யம். நானும் கீழ போறேன்."

பயிற்றுநரின் பேனா நின்றது. விதிப்புத்தகத்தைப் புரட்டினார். எந்த விதியிலும் தடை இல்லை. கையுறையைக் கழற்றினார், மாட்டினார், திரும்பக் கழற்றினார். பிறகு, பரிசோதனைக்குச் சம்பந்தமில்லாத ஒரு விஷயத்தைச் சுவரைப் பார்த்துச் சொன்னார்.

"அங்க எங்க வீட்டுக்காரர் டீ குடிக்கிறப்ப ரெண்டு ஸ்பூனுக்கு மேல சக்கரை போட விடாதீங்க. சொன்னா கேக்க மாட்டார்."

அன்று மாலை அவள் இருபத்தாறு வெள்ளைப் பெட்டிகளில் மிகப் பெரியதை இடுப்பில் வைத்துக்கொண்டு கீழ்த்தளத்துக்குப் போனாள். பதிவேட்டுக்காரர் நாற்பத்திரண்டு என்று எண் போட்டார். யாருடையது என்று கேட்டார். "என்னோடது" என்றாள். காரணம் என்று கேட்டார். "உக்கார" என்றாள். பெட்டியைச் சிவப்பு நாற்காலிக்குப் பக்கத்தில் கவிழ்த்துப் போட்டு, நிமிர்ந்து, பரீட்சை எழுத உட்காருகிற மாதிரி உட்கார்ந்தாள். பெட்டி அவளோடு சேர்ந்து நிதானமாக உள்ளே அமுங்கியது. அறை வெடித்துச் சிரித்தது. முதலில் சிரித்தவன் அவன்தான். கையைக் கொடுத்துத் தூக்கினான்.

"கருவி தாங்கல லிஸ்ட்டு. தள்ளி உக்காரு, இந்த நாற்காலியில ரெண்டு பேர் உக்காரலாம். எனக்கு இத்தனை நாள் இது தெரியாமப் போச்சு."

இருவரும் இப்போது வீட்டில் தூங்க மட்டும் போகிறார்கள். பதிவேட்டின்படி அவர்கள் அங்கே 'விருந்தினர்'. விருந்தினர் பத்து மணி நேரம்வரை தங்கக் கழகம் அனுமதிக்கிறது. வீட்டைக் கழகம் 'மாதிரி இல்லம்' என்று அறிவித்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைதோறும் தூர ஊர்களிலிருந்தெல்லாம் குடும்பம் குடும்பமாக வந்து, செருப்பை வெளியே விட்டுவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு கூடத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, தங்கள் வீடும் இப்படி ஆகுமா என்ற ஏக்கத்தோடு திரும்பிப் போகிறார்கள். ஆகும், நிச்சயம் ஆகும். பத்துக்குப் பத்து வாங்கிய முதல் வீடு என்று ஆண்டறிக்கை அதைப் போற்றுகிறது. அந்த முழு மதிப்பெண்ணுக்குக் கடைசிவரை குறுக்கே நின்ற இடைஞ்சல்கள் இரண்டே இரண்டுதான் என்றும், அவை இரண்டும் மூச்சு விட்டுக்கொண்டிருந்தவை என்றும், அவையும் தாமாகவே வெளியேறி முழு ஒத்துழைப்பு நல்கின என்றும் அறிக்கை நன்றியோடு குறிப்பிடுகிறது.